ஸ்பாஞ்ச் அம்புத் துப்பாக்கியும் ஒரு சான்றுக் கடிதமும்

1

போன வியாழக்கிழமையோடு நான் இந்த மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் ஒரு கேக் வாங்கி வைத்திருந்தார்கள். மேலே என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். முத்துச்செல்வி என்ற பெயர் அந்தக் கேக்கின் அகலத்துக்குள் அடங்கவில்லை. முத்து வரைக்கும் ஒழுங்காக வந்து, செல்வி பக்கவாட்டில் இறங்கியிருந்தது. வெட்டியபோது செல்வி முழுக்க ஒரே ஆளின் தட்டுக்குப் போய்விட்டது.

பட்டறை டொரண்டோவுக்குக் கிழக்கே, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்கள் வரும். ஊறுகாய்க் கம்பெனி மோட்டார், லிஃப்ட் மோட்டார், பன்றிப் பண்ணையில் காற்று இழுக்கிற மோட்டார். கருகிய கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, ஓடவிட்டுப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். கோவில்பட்டியில் இதற்குக் காயில் கட்டுவது என்று பெயர்.

ஊருக்குப் போன் பேசும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், அந்த ஊரில் உனக்கு எப்படி இந்த வேலை கிடைத்தது என்று. நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. பிள்ளைக்குப் பொம்மைத் துப்பாக்கி செய்தேன், அதில் கிடைத்தது என்று சொன்னால் விளையாட்டுக்குச் சொல்லுகிறேன் என்று நினைப்பார்கள். அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது, நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2

கோவில்பட்டியில் எங்கள் மோட்டார் ரிப்பேர் கடை எட்டயபுரம் ரோட்டில் இருந்தது. முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அறை, நடுவில் ஒரு பச்சைத் திரை. முன்னறையில் அப்பா இருப்பார். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு நான் சும்மா இருந்த கோடையில், அப்பா ஒரு டேபிள் ஃபேன் மோட்டாரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பிரிக்கச் சொன்னார். எத்தனை சுற்று என்று எண்ணச் சொன்னார். அதே மாதிரி திரும்பச் சுற்றச் சொன்னார். அது ஓடியது. அடுத்த தீபாவளிக்குள் ஐந்து குதிரைச் சக்தி கிணற்று மோட்டாருக்கு வந்துவிட்டேன். கல்யாணம் ஆகிறவரை ஏழு வருஷம் பின்னறையில் உட்கார்ந்து கட்டினேன்.

கரிசல் காட்டில் கிணறு ஆழம். தண்ணீர் கீழே போகப் போக மோட்டாருக்குப் பாடு கூடும். கரண்ட் வந்ததும் எல்லாத் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கும், காயில் எரியும். மிளகாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதங்களில் கடை வாசலில் நடக்க வழி இருக்காது. மொபெட்டின் பின்னால் சாக்குப்போட்டுக் கட்டியும், பஸ் மேல் ஏற்றியும் மோட்டாரைக் கொண்டுவருவார்கள். மழை பெய்திருந்தால் அவர்கள் செருப்போடு வந்த கரிசல் மண்ணை மறுநாள் நான் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

யார் காயில் கட்டுவது என்று சிலர் அப்பாவிடம் கேட்பார்கள்.

“நம்ம பையன்தான்” என்பார்.

பையன் என்றால் என் தம்பி செந்தில். என்னைவிட நாலு வயது சின்னவன். நான் முதல் கிணற்று மோட்டார் கட்டியபோது அவன் ஏழாம் வகுப்பில் இருந்தான்.

அப்பா இதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. என்னிடம் நேராகவே சொல்லியிருந்தார், பொம்பளைப் பிள்ளை கட்டியது என்று தெரிந்தால் கையில் வாங்கவே யோசிப்பார்கள் என்று. எனக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அது ஒரு பேச்சாக வரும் என்று அவருக்குப் பயம். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மோட்டார் ஓடினால் போதும் என்று இருந்தேன். அப்படித்தான் இருந்தேன் என்று பல வருஷம் நம்பிக்கொண்டும் இருந்தேன்.

3

என் வீட்டுக்காரர் குமாருக்குச் சொந்த ஊர் புதியம்புத்தூர். வீட்டுக்கு வீடு ரெடிமேட் துணி தைக்கிற ஊர். அவர் எனக்கு முன்னாலேயே கனடா வந்து ஒரு பிஸ்கட் கம்பெனியில் இருந்தார். நான் வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆசையாக ஒரு தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தைக்கத் தெரியாது என்று சொல்ல மூன்று நாள் ஆயிற்று.

குடியேற்றத்துக்கு, வேலைக்கு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று எதற்கெடுத்தாலும் படிவம். எல்லாவற்றிலும், முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். குமார் ஹவுஸ் வைஃப் என்று எழுதுவார். நான் கையெழுத்துப் போடுவேன். விமானத்தில் கொடுக்கிற சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டுகிற இடத்தில் வேலைக்குப் போனேன். காலையில் கையுறையை மாட்டினால் சாயங்காலம்தான் கழற்றுவேன்.

மகள் பூரணிக்கு ஆறு வயது வரைக்கும் என் பேச்சுத்தான் வரும். வாரேன், போறேன், இங்கன இருக்கு என்பாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். அங்கே எல்லாரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். இவள் வாரேன் என்றதும் சிரித்திருக்கிறார்கள். அங்கே கற்றுக்கொண்டு வந்து வீட்டில் “அம்மா, என்னோட கதையுங்கோ” என்றாள், பேசுங்கள் என்பதற்கு. நானும் குமாரும் சிரித்துவிட்டோம். அந்த இரண்டு சிரிப்புக்கும் நடுவில் அவள் தமிழையே கீழே வைத்துவிட்டாள். கூப்பிட்டால் வருவாள், சொன்னதைச் செய்வாள். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும்.

நாங்கள் இருந்தது ஒரு பதினாலு மாடிக் கட்டடம். பனிக்காலத்தில் பிள்ளைகள் வெளியே போக முடியாமல் மாடி நடைபாதையில்தான் விளையாடுவார்கள். அந்த வருஷம் எல்லாருக்கும் ஸ்பாஞ்ச் அம்பு விடுகிற துப்பாக்கிப் பைத்தியம். விரல் நீளத்துக்கு மெத்தென்ற அம்பு. மேலே பட்டால் வலிக்காது. ஒவ்வொரு தடவையும் பிடியைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும். பூரணிக்கு ஒன்பது வயது, ஒல்லிக் குச்சி. அவளால் இழுக்க முடியவில்லை. ஒரு நாள் குப்பை போடப் போனபோது பார்த்தேன். மற்றப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் தரையில் கிடந்த அம்புகளைப் பொறுக்கி இரண்டு கட்சிக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார் வைத்த துப்பாக்கி ஒன்று கடையில் இருக்கிறது, அதற்கு இழுக்க வேண்டாம் என்றாள். இருக்கிற துப்பாக்கியே அதிகம் என்றார் குமார். மோட்டார் என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றது. அதற்குள் எப்படி இருக்கும் என்று அவளிடம் கேட்டேன். நூலகத்துக் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினாள். இரண்டு சின்னச் சக்கரம் பக்கம் பக்கமாக, எதிரெதிராகச் சுற்றுகிறது. நடுவில் அம்பைத் தள்ளினால் இரண்டும் கவ்வி முன்னால் எறிகிறது. அவ்வளவுதான்.

இதை நாம் செய்யலாம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாண்ட்விச் பொட்டலம் கட்டுகிற அம்மாவைத்தான் அவளுக்குத் தெரியும்.

4

தூக்கிப்போட வைத்திருந்த பொம்மைக் கார் ஒன்றிலிருந்து இரண்டு மோட்டாரும் இரண்டு சக்கரமும் எடுத்தோம். மரப்பலகையில் ஆணியடித்து, அரை அங்குல பிளாஸ்டிக் குழாயை அம்பு போகிற வழியாக வைத்தேன். சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று கண்டுபிடிக்கவே இரண்டு சனிக்கிழமை ஆனது. அகலமாக வைத்தால் அம்பு வழுக்கி விழும். நெருக்கி வைத்தால் சிக்கிக்கொண்டு ஸ்பாஞ்ச் பிய்ந்துவிடும். அஞ்சலட்டையை மடித்து மோட்டாருக்கு அடியில் கொடுத்து, ஒவ்வொரு மடிப்பாக உருவி உருவிப் பார்த்தோம். கடைசியில் அம்பின் அகலத்தில் முக்கால் பங்கு சரியாக வந்தது.

அம்பு நாலடி போய் விழுந்தது. பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தன் அப்பாவை மாதிரியே, பொய் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் மோட்டாரைப் பிரித்தேன். உள்ளே மூன்று கை வைத்த ஒரு இரும்புப் பூ மாதிரி இருந்தது. அதில் தலைமுடி மாதிரி கம்பியை நிறையச் சுற்று சுற்றியிருந்தார்கள். கம்பியைத் தடிமனாக்கிச் சுற்றைக் குறைத்தால் வேகம் கூடும், சூடும் கூடும். கிணற்று மோட்டாரில் அந்தக் குறும்பைச் செய்ய முடியாது. இது பொம்மை. பழைய ரேடியோவின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்துக் கம்பி எடுத்தேன். பத்து வருஷமாகக் கையில் எடுக்காத வேலை. முதல் சுற்றை இழுத்துப் பிடித்ததும் கட்டைவிரல் தானாக அந்த இடத்துக்குப் போனது. பூரணி பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள். ஆங்கிலத்தில்தான் எண்ணினாள். மூன்று கைக்கும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். நடுவில் போன் வந்து பேசியதில் ஒரு கையில் இரண்டு சுற்று கூடிவிட்டது. ஓடவிட்டதும் பலகை மேஜையில் நடந்து போய்க் கீழே விழுந்தது. பிரித்துத் திரும்பக் கட்டினோம்.

பிறகு சுவிட்ச் உருகியது. மேஜை விளக்குச் சுவிட்ச் போட்டோம். பற்ற வைக்கிற சால்டரிங் இரும்பைக் கேட்காமலே குமார் வாங்கிக்கொண்டு வந்து வைத்தார். என்ன செய்கிறோம் என்று கேட்கவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலங்களில் அவர் டிவி போடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்பு இப்போது நடைபாதையின் இந்தக் கோடியிலிருந்து லிஃப்ட் கதவு வரைக்கும் போய் டப்பென்று அடித்தது. எண்ணெய் டப்பா ஒன்றை வெட்டிக் கைப்பிடி வைத்து, கறுப்பு டேப் சுற்றி, அசல் துப்பாக்கி மாதிரி ஆக்கியிருந்தாள் பூரணி. அன்றைக்குத்தான் எதிர்வீட்டுப் பவளம் அக்கா கதவைத் தட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

“உங்கட பிள்ளை துவக்கோட நிக்கிறா” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. துவக்கு என்றால் எங்களுக்கு ஆரம்பி என்று அர்த்தம். எதைத் துவக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினார். பிறகு, விளையாட்டுச் சாமான் என்று தனக்குத் தெரியும், பிள்ளைமேல் ஒரு குறையும் இல்லை, ஆனால் கதவைத் திறந்ததும் அந்தக் கறுப்பைப் பார்த்துத் திரும்ப அடைத்துக்கொண்டதாகச் சொன்னார். அவருடைய ஊரில் என்ன பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன்.

அதன்பிறகு கறுப்பு டேப்பையும் கைப்பிடியையும் எடுத்துவிட்டோம். இட்லி மாவு வைக்கிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றுக்குள் எல்லாவற்றையும் பொருத்தினேன். துப்பாக்கி மாதிரியே இல்லை. மோட்டார், கம்பி, சக்கரம் எல்லாம் வெளியிலிருந்தே தெரிந்தது. மோட்டாரின் தகர மூடியைக்கூடக் கொஞ்சம் வெட்டித் திறந்துவைத்தேன், சூடு போகட்டும் என்று. பவளம் அக்காவை அழைத்துக் காட்டினோம். அவரே ஒரு அம்பைத் தள்ளிப் பார்த்தார்.

5

பங்குனி வாக்கில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் செய்த பொருள்களுக்கு ஒரு கண்காட்சி. பூரணி டப்பாவைக் கொண்டுபோகிறேன் என்றாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துப்பாக்கி எதற்கும் பள்ளிக்குள் அனுமதி இல்லை, பொம்மையாக இருந்தாலும் கூடாது என்றார். ஒரு படிவம் கொடுத்தார். இந்தப் பொருள் என்ன செய்யும் என்று ஒரு கட்டம். பூரணி யோசித்து எழுதினாள், சுற்றுகிற இரண்டு சக்கரத்தால் மெத்தென்ற பொருளைக் கூடைக்குள் எறியும் என்று. கூடையைப் பார்த்துத்தான் எறிய வேண்டும், ஆளைப் பார்த்து எறியக் கூடாது என்ற நிபந்தனையோடு கையெழுத்து ஆனது. அந்தப் படிவத்தை அவள் நிரப்பிய விதத்தைப் பார்த்தபோது, நான் இத்தனை வருஷம் படிவங்களில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

கண்காட்சியில் நான் சுவரோரமாக நின்றேன். மதிப்பெண் போட வெளியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அதில் டோனா என்று ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். தொழிற்கல்லூரி ஒன்றில் மோட்டார் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கிறவர் என்று பிறகு தெரிந்தது. அம்பு கூடைக்குள் விழுவதை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு டப்பாவுக்குள் குனிந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை யார் சுற்றியது என்று கேட்டார்.

“எங்க அம்மா” என்றாள் பூரணி. பிறகு திரும்பி, என் பக்கம் கையைக் காட்டினாள்.

சின்ன விஷயம்தான். பிள்ளை உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். நான் சுவரைவிட்டு ஒரு எட்டு முன்னால் வந்து நின்றேன். டோனா வந்து கையைக் கொடுத்தார். வேறு என்ன மோட்டார் சுற்றியிருக்கிறேன் என்று கேட்டார். கிணற்று மோட்டார் என்றேன். ஒவ்வொரு கைக்கும் எத்தனை ரவுண்டு என்று நான் சொன்னதை, காயிலின் வடிவத்தைச் சொல்லுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். பூரணி நடுவில் வந்து சுற்று என்பதற்கு இங்கே என்ன சொல்ல வேண்டும் என்று திருத்தினாள். எத்தனை வருஷம் செய்தேன் என்றார். ஏழு என்றேன். இப்போது எங்கே வேலை என்றார். சொன்னேன். அவர் தன் கல்லூரிக்கு வந்து பார்க்கச் சொன்னார்.

6

வெளிநாட்டில் தொழில் செய்தவர்களை நேரடியாகச் செய்முறைத் தேர்வுக்கு எடுத்துக்கொள்கிற ஒரு வழி அங்கே இருந்தது. அதற்கு முன்னால் வேலை பார்த்த கடையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை இன்ன வேலை செய்தார் என்று முதலாளி எழுதி, நோட்டரி வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் கார்டு வாங்கி அப்பாவுக்குப் போட்டேன். தேர்வு, கல்லூரி எல்லாவற்றையும் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டார். கடிதம் என்றதும் சரி என்றார். வக்கீல் என்றதும் சத்தம் குறைந்தது.

“அவிய முன்னால போயி நான் என்னன்னு சொல்லுவேன்? அவரு தோட்டத்து மோட்டாரே நம்ம கடையில கட்டுனதுதான். பையன் கட்டுனான்னு சொல்லித்தானே குடுத்திருக்கேன்.”

“பையன் அப்பம் பள்ளிக்கூடத்துலல்லாப்பா இருந்தான்.”

“ஏட்டி, அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.”

பார்க்கிறேன் என்று வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. கடைப் பெயர் அச்சடித்த தாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எங்கேயோ ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தார்கள். இவர் என் மகள், திருமணத்துக்கு முன் கடையில் எனக்கும் என் மகனுக்கும் உதவியாக இருந்தார் என்று போட்டிருந்தது. வக்கீல் முத்திரை சுத்தமாக விழுந்திருந்தது.

தேர்வுக்கு மனு வாங்குகிற அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவர். உதவியாக இருப்பது தொழில் அனுபவம் ஆகாது என்று மெதுவாக விளக்கினார். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் பூரணி அதை எடுத்துப் படித்தாள். தாத்தா ஏன் இப்படி எழுதினார் என்று கேட்டாள். திரை, பின்னறை, மாப்பிள்ளை பார்ப்பது எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல, அது எனக்கே நியாயமாகப் படவில்லை என்று தெரிந்தது. இவ்வளவு நாள் எனக்குக் கோபம் இருந்திருக்கிறது. எங்கே வைத்தேன் என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறேன்.

அப்பாவுக்குத் திரும்பப் போன் போடவில்லை. செந்திலுக்குப் போட்டேன். இப்போது கடையை நடத்துவது அவன்தான். நல்ல பெயர் எடுத்திருக்கிறான். கைராசிக்காரன் என்பார்கள். நான் கேட்பது அவன் பெயரில் கை வைக்கிற காரியம் என்று எனக்குத் தெரியும். அதையும் சொல்லித்தான் கேட்டேன்.

கார்டில் நிமிஷம் போய்க்கொண்டிருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கேளு. நீ கல்யாணமாகிப் போன பெறகு ஆறு மாசம் நான் கட்டுனதெல்லாம் எரிஞ்சு எரிஞ்சு திரும்பி வந்துது. அப்பா வோல்டேஜ் சரியில்லன்னு சொல்லிச் சமாளிச்சாவ. ரிப்பேருக்கு வார பழைய மோட்டார்ல ஒன் காயில் இருந்தா, பிரிக்கதுக்கு முன்னால ரெண்டு நாளு வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பேன். அப்படித்தான் நான் படிச்சேன். இத எவங்கிட்ட வேணும்னாலும் சொல்லுதேன்.”

மறுநாளே வக்கீலிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். வக்கீல் கேட்டுவிட்டு, முதலாளி அப்பா என்பதால் அப்பாதான் கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். செந்தில் வீட்டுக்கு வந்து, வக்கீலிடம் சொல்லியாயிற்று என்று அப்பாவிடம் சொன்னான். அப்பா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையை மாற்றிக்கொண்டு, எங்கே போகிறேன் என்று சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். அந்த வாரம் முழுக்க அப்படியே போய்விட்டுப் போய்விட்டு வந்திருக்கிறார்.

இரண்டாவது கடிதத்தில் வருஷம், வேலை எல்லாம் சரியாக இருந்தது. காயில் கட்டும் வேலை முழுவதையும் இவரே செய்தார் என்று இருந்தது. கூடவே அப்பா கைப்பட எழுதிய ஒரு தாள். இடைசெவல், குளத்தூர், இன்னும் சில ஊர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே தோட்டக்காரர் பெயர், மோட்டார் எத்தனை குதிரைச் சக்தி என்பது. கடைசியில், மேற்கண்ட மோட்டார்கள் என் மகள் கட்டியவை, இன்றுவரை பிரிக்கப்படாமல் ஓடுகின்றன, நான் நேரில் போய்ப் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்தத் தாள் தமிழில் இருந்ததால் அலுவலகத்தில் வாங்கவில்லை. உரிமம் உள்ள மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கச் சொன்னார்கள். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர். “காயில் எண்டா என்ன தங்கச்சி? காய் பிஞ்சு மாதிரியோ?” என்று போனில் கேட்டார். சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

7

செய்முறைத் தேர்வில் ஒரு மோட்டாரைப் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். அதில் கஷ்டம் இல்லை. இரும்புப் பள்ளத்தில் கம்பியை அடக்க நாங்கள் மூங்கில் சீவிச் செருகுவோம். இங்கே அதற்கென்று தனிப் பட்டை இருக்கிறது. அதைத் தேடிக்கொண்டு நின்றதில் பத்து நிமிஷம் போனது. கூடவே வைத்த எழுத்துத் தேர்வில் தோற்றேன். பாதுகாப்பு விதிகள் எல்லாம் வளைத்து வளைத்து எழுதிய ஆங்கிலம். பூரணி சாயங்காலங்களில் கேள்வி கேட்டாள். ஒரு விதியை நாலு தடவை சொல்லியும் எனக்கு ஏறாதபோது, அவள் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தாள். பாதித் தமிழ்தான், அதுவும் தப்புத் தப்பாக. நான் சிரிக்காமல் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை தேறினேன்.

அந்த வருஷக் கடைசியில் இந்தப் பட்டறையில் சேர்ந்தேன். சேரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பு பார்த்த வேலை என்ற கட்டத்துக்கு வந்ததும் குமார் பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டார்.

பூரணிக்கு இப்போது பதின்மூன்று வயது. டப்பாவை எப்போதோ மறந்துவிட்டாள். இப்போது பேஸ்கட்பால். வீட்டுப் பேச்சு இன்னும் பெரும்பாலும் ஆங்கிலம்தான். தமிழ் முழுவதாகத் திரும்பி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. கோபம் வந்தால் மட்டும் “எனக்குத் தெரியும்லா” என்கிறாள்.

8

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் கழித்து, கோடை விடுமுறையில் ஊருக்குப் போனோம். நான் போய் இறங்கிய மூன்றாம் நாள் அப்பா, இடைசெவல் வரைக்கும் ஒரு எட்டுப் போய்வரலாமா என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நானும் பூரணியும் அவரோடு பஸ் ஏறினோம். அந்தக் கடிதத்தைப் பற்றி நானும் அப்பாவும் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

ரெங்கசாமி என்பவருடைய தோட்டம். அறுபது வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களைப் பார்த்ததும் வீட்டம்மாளிடம் தெலுங்கில் எதையோ சொல்லி மோர் கொண்டுவரச் சொன்னார். கோடை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கிணற்றடியில் மட்டும் கொஞ்சம் மிளகாய் நின்றது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா அதன் பக்கத்தில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“இது எம் மக. இந்த மோட்டாரக் கட்டுனது இவதான். பையன் இல்ல.”

அவர் இதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடிதத்துக்காக மோட்டார்களைப் பார்த்துவரப் போயிருந்த அந்த வாரத்தில்கூட, ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

ரெங்கசாமி மோர் செம்பை என் கையில் கொடுத்தார்.

“அது தெரியும்லா அண்ணாச்சி.”

“தெரியுமா?”

“நீங்க பையன்னு சொல்லுவிய. திரைக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேக்கும். பையன் எதுக்கு வளையல் போடப் போறான்?”

அப்பா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். “தெரிஞ்சும் வாங்கிட்டுப் போனியளாக்கும்?”

“நல்லா ஓடுச்சுல்லா.”

“அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“நீங்க மறைச்சு வச்சிருந்திய அண்ணாச்சி. நாங்க எப்படிக் கேக்க?”

பூரணி என் சேலையை இழுத்து என்ன பேசினார்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் தாத்தாவைப் பார்த்தாள். பிறகு கிணற்றுப் பக்கம் போய் மோட்டார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நாலாட்டின்புதூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

“நாளைக்கு ஒனக்கு வேற சோலி இருக்கா?” என்றார்.

இல்லை என்றேன்.

“குளத்தூர்ல ரெண்டு மோட்டார் கெடக்கு. போயி அவியகிட்டயும் சொல்லிட்டு வந்துருவமா?”

“அவியளுக்கும் தெரிஞ்சிருக்கும்பா.”

“தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போகட்டும். நான் சொல்லணும்லா.”

மறுநாள் வெயில் ஏறுவதற்கு முன்னால் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனோம்.